வழுக்கையாற்றில் ஒரு யோர்தான்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. இது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே தெரியும். இருப்பது வழுக்கையாறு ஒன்று. அது மாரியில் மட்டும் ஓடும். பங்குனி பிறந்தால் அதற்குள் மாடு கட்டுவார்கள், பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். அதற்கு ஆறு என்று பெயர் வைத்தவர் வேறு ஆற்றைப் பார்த்திராத ஒருவராக இருக்கவேண்டும். எங்கள் போதகர் வேறு ஆறுகளைப் பார்த்தவர். இந்தியாவில் வேதம் படித்த காலத்தில் இரண்டு மூன்றைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் அவருக்கு ஒரு யோர்தான் தேவைப்பட்டபோது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது இது ஒன்றுதான்.

அப்போது நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவருடைய ஜெபக்கூடத்தின் பின்னறையில் இருந்தேன். பண்டத்தரிப்பில் வெங்காயம் கிண்டப் போய், வேலை முடிந்து, அடுத்து எங்கே என்று தெரியாமல் நடந்து வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஜெபக்கூடம். கதிரை அடுக்க, ஜெனரேட்டர் பார்க்க ஓர் ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனக்குப் படுக்க ஓர் இடமும் இரண்டு நேரச் சோறும் வேண்டியிருந்தன. பிறந்தது சைவ வீட்டில். குருநகரில் படகுக்குப் பைபர் ஒட்டிய வருடங்களில் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாப்பாடு எங்கேயோ அங்கே கும்பிட்டிருக்கிறேன். வானத்திலிருந்து மன்னா என்ற சாப்பாடு விழும் என்று நாற்பது வருடம் வனாந்தரத்தில் நடந்தவர்களின் கதையை வாசிக்கிற இடத்தில் இதற்கெல்லாம் வெட்கப்படத் தேவையில்லை.

அந்த மார்கழியில் போதகர் ஆறுகளைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கித்தார். இஸ்ரவேலருடைய பயணத்தில் எங்கெல்லாம் தண்ணீர் குறுக்கே வருகிறதோ அங்கெல்லாம் விசுவாசத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. முதல் கிழமை செங்கடல். பின்னால் படை, முன்னால் கடல். தண்ணீர் பிளந்தது, சனம் நடந்தது. கூட்டம் கைதட்டியது.

சின்ன வயதில் நானும் அப்படி ஒரு தண்ணீரைக் கடந்திருக்கிறேன். பின்னால் ஷெல், முன்னால் கிளாலிக் கடலேரி. தண்ணீர் பிளக்கவில்லை, எங்கள் படகுதான் பிளந்தது. ஓட்டியவர் “செபத்தைப் பேந்து பாருங்கோ, முதல் வாளியாலை இறையுங்கோ” என்று கத்தினார். எல்லாரும் இறைத்தோம். அக்கரையில் வாக்களிக்கப்பட்ட தேசம் இருந்தது. கூடாரம் போடத் தறப்பாளும், சமைக்கப் பருப்பும் தந்தார்கள்.

அடுத்த கிழமை சேரேத் என்ற சிற்றாறு. சண்டைக்குப் போகக்கூடிய ஒரு தலைமுறை ஆண்கள் எல்லாரும் வனாந்தரத்தில் செத்து முடிந்த பிறகுதான் சனத்தை அந்த ஆற்றைக் கடக்க விட்டார்களாம். இதைப் போதகர் உரத்த குரலில் சொல்லிவிட்டு அல்லேலூயாவுக்காக நிறுத்தினார். ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படாத ஒரே ஆறு அதுதான். அவரும் கெதியாக அர்னோனுக்குப் போய்விட்டார். அர்னோன் இரண்டு நாட்டுக்கு எல்லை. எல்லையைப் பற்றி எங்களுக்கு வேலிச் சண்டை வழியாக நல்ல அனுபவம் உண்டு என்பதால் அந்தக் கிழமை எல்லாரும் உற்சாகமாகக் கேட்டார்கள்.

யாப்போக்கு ஆற்றில் யாக்கோபு தூதனோடு மல்லுக்கட்டியதைச் சொன்னார். பெண்டாட்டி பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் முதலில் ஆற்றுக்குள் இறக்கி அனுப்பிவிட்டு யாக்கோபு கடைசிவரை இக்கரையில் நின்றதைச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடம்தான் பிடித்திருந்தது.

கடைசியாக யோர்தான். சனம் கரையில் நிற்கிறது. ஆசாரியர்கள் உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் போகிறார்கள். அவர்களுடைய கால் தண்ணீரில் பட்ட பிறகுதான் ஆறு நிற்கிறது. அதற்கு முதல் நிற்கவில்லை. “காலை வை! பிறகு பார்!” என்று போதகர் மேடையை மிதித்துக் காட்டினார். மேடைப் பலகை ஒன்று அன்றைக்கே விட்டுப்போனது. நான்தான் ஆணி அடித்தேன்.

பிரசங்கத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் தை மாதம் குளிர்நாடு ஒன்றிலிருந்து சகோதரர்கள் வருவதாக இருந்தது. எல்லாரும் இங்கேயிருந்து போன எங்கள் ஆட்கள்தான். யோர்தானுக்கு இக்கரையிலேயே புல் நன்றாக இருக்கிறது, நாங்கள் இங்கேயே தங்குகிறோம் என்று சொன்ன இரண்டரைக் கோத்திரத்தைப் போன்றவர்கள். அந்தக் கோத்திரத்தார் ஆயுதத்தோடு மற்றவர்களுக்கு முன்னால் கடந்துபோய்ச் சண்டை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்கள். எங்களுடையவர்கள் கமராவோடு வந்தார்கள். அவர்கள் பார்த்து மனம் நிறைந்தால் ஜெபக்கூடத்துக்குப் புதுக் கூரை போடலாம் என்ற பேச்சு இருந்தது. பழைய கூரை ஒழுகிய இடம் சரியாக என் தலையணைக்கு மேலே என்பதால் எனக்கும் அதில் ஆர்வம் இருந்தது.

போதகருடைய திட்டம் இதுதான். ஞாயிறு காலை பெட்டியைச் சுமந்து ஊர்வலமாக வழுக்கையாற்றுக்குப் போவது, ஆற்றைக் கடப்பது, அங்கேயே ஞானஸ்நானம் கொடுப்பது. திட்டத்தில் ஒரு குறை. தைப்பொங்கல் முடிந்த கையோடு ஆற்றில் தண்ணீர் கணுக்காலளவுக்கு இறங்கிவிட்டது. இஸ்ரவேலருக்குத் தண்ணீர் நிற்கவேண்டும் என்ற கவலை. எங்களுக்குக் கடப்பதற்காவது கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்ற கவலை.

“மதகடியிலை மண்மூட்டை அடுக்கி மறிப்பம். முழங்காலளவு நிண்டால் காணும். ஒரு பக்கத்தாலை மிச்சத் தண்ணி போக வழி விடுங்கோ” என்று போதகர் சொன்னார்.

மூட்டைக்கு உரப்பை தேவைப்பட்டது. அதைத் தந்தவர் கூட்டத்தில் முன்வரிசைப் பாயில் இருக்கும் ஓர் அக்கா. மதகுக்கு மேற்பக்கத்தில், தண்ணீர் வருகிற திசையில், ஆற்றங்கரையோடு இருப்பது அவருடைய வயல். புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போதகர் நாள்தோறும் போய் ஜெபித்தார். புருசன் செத்துப்போனார். ஆனால் செத்த வீட்டுக்குப் பிறகும் போதகர் வருவதை நிறுத்தவில்லை. அதனால் அக்காவும் ஜெபக்கூடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. அவர் ஞானஸ்நானம் எடுப்பதும் அந்த ஞாயிறுதான். வயலில் நெல் பழுத்து நின்றது. வெட்டு மெசின் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நெல்தான் அவர் வீட்டுக்கு ஒரு வருடச் சோறு. வேறு வழி கிடையாது.

“நெல்லுப் போடக் கழுவி வைச்ச பையள் தம்பி. ஞாயிறு பின்னேரம் திருப்பித் தந்திடோணும்” என்று எண்ணாமலே கட்டோடு தந்தார்.

புதன்கிழமை மூட்டை அடுக்கினோம். இங்கேதான் பிழை விட்டோம். எங்கள் கூட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எந்த ஆம்பிளையும் வாழ்க்கையில் ஷெல்லுக்கும் பிளேனுக்கும் ஒளிக்க ஒரு பங்கராவது கட்டியவன். மண்மூட்டையைக் கையில் கொடுத்தால் கைக்கு மூளை தேவையில்லை. பையை முக்கால்வாசி நிரப்பி, வாயை அடியில் மடித்து, ஒன்று நெடுக்கு ஒன்று குறுக்காக, பொருத்துக்கு மேல் பொருத்து வராமல் வைத்து, காலால் உழக்கி, நீக்கலுக்குள் களிமண் அப்பினோம். ஒருவருக்கொருவர் கதைக்கவும் இல்லை. முழங்காலளவு வந்ததும் நிறுத்தவேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பை முடிந்த பிறகுதான் நிறுத்தினோம். அது நெஞ்சளவில் முடிந்தது. தண்ணீர் போக வழி விடச் சொன்னதையும் மறந்துபோனோம். பங்கரில் ஓட்டை விடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வேலை முடிந்ததும் ஒருவர் இரண்டடி பின்னால் வந்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிளேன் ஒன்றும் இல்லை. பிறகு சிரித்துவிட்டுக் கை கழுவினார்.

வியாழன் பின்னேரம் மழை பிடித்தது. தை மாதத்தில் வரக்கூடாத மழை. கடலில் தாழமுக்கம் என்று றேடியோவில் சொன்னார்கள். வெள்ளி முழுக்கப் பெய்தது. மற்ற வருடமென்றால் இந்தத் தண்ணீர் ஓடி அராலிப் பக்கம் கடலேரிக்குள் விழுந்திருக்கும். இந்த வருடம் எங்கள் மதகடிக்கு வந்து நின்றது. மூட்டை ஒன்றுகூட அசையவில்லை. ஆற்றுக்கு ஏற இடமில்லாமல் வயலுக்குள் ஏறியது. முதலில் ஏறியது அக்காவின் வயல்.

வெள்ளி பின்னேரம் அக்கா ஜெபக்கூடத்துக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. போதகர் அவரை உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னார். அக்கா இருக்கவில்லை.

“பாஸ்டர், அந்த மூட்டையளை எடுக்கச் சொல்லுங்கோ. என்ரை நெல்லு தண்ணிக்கை நிக்குது.”

“சிஸ்டர், இது ஒரு சோதனை.”

“சோதனையோ என்னவோ, கதிர் நனைஞ்சு கிடந்தால் முளைச்சுப் போம்.”

“யோர்தான் எப்ப கரைபுரண்டு ஓடினது? அறுப்புக் காலத்திலை. பாருங்கோ, கர்த்தர் அப்பிடியே எங்களுக்குக் காட்டுறார்.”

“அவை அறுத்துப்போட்டு ஆத்தைப் பாத்திருப்பினம் பாஸ்டர். நான் இன்னும் அறுக்கேல்லை.”

போதகர் கூரையை அண்ணாந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. மூட்டையை எடுத்தால் தண்ணீர் ஒரேயடியாகப் போய்விடும், ஞாயிறு மறுபடி கணுக்காலளவுதான் நிற்கும். வருகிறவர்களின் முகமும் ஒழுகுகிற கூரையும் அவருடைய கண்ணுக்குள் நின்றன.

“நாளைக்கு அவை வந்து இறங்குகினம். ஞாயிறு மத்தியானம் நானே நிண்டு எடுப்பிக்கிறன். ரெண்டு நாள். விசுவாசம் சிஸ்டர்.”

“விசுவாசம் எனக்கிருக்கு பாஸ்டர்” என்றார் அக்கா. “நெல்லுக்குத்தான் இல்லை.”

சனி காலை மழை விட்டது. நான் மதகடிக்குப் போனபோது அங்கே மேல்வயல்காரர்கள் மூட்டையைக் கிளப்ப அலவாங்கோடு நின்றார்கள். முன்னால் நின்றவர் அக்காவுக்கு நேரே மூத்த அண்ணை. அவருடைய வயல் தங்கச்சியின் வயலுக்கு அடுத்தது. நெற்றி நிறைய விபூதி. தங்கச்சி ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவரோடு கதைப்பதெல்லாம் நக்கல்தான். அக்கா அவருக்கும் மதகுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“எடி, உங்கடை ஆண்டவர் தண்ணிக்கு மேலாலை நடப்பாராம். பின்னை ஏன் ஆத்தை மறிக்கிறியள்?” என்றார் அண்ணை.

“நீங்கள் கை வைக்காதேங்கோ அண்ணை. சைவக்காரர் வந்து வேதக்காரற்றை அணையை உடைச்சவை எண்டுதான் கதை வரும். பேந்து ஊர் ரெண்டாப் போம்.”

“அப்ப ஆர் கை வைக்கிறது? நெல்லு சமயம் பாத்தே முளைக்குது?”

“நாளைக்கு எடுப்பினம். பொறுங்கோ.”

அண்ணை என்னைக் கண்டுவிட்டார். “தம்பி, நீயும் உவையின்ரை ஆளோ? நீ எந்தப் பக்கம்?”

“சாப்பாட்டுப் பக்கம் அண்ணை.”

“அப்ப இஞ்சாலை வா. அந்தச் சாப்பாடு தண்ணிக்கை கிடக்கு, வந்து பார்.”

போய்ப் பார்த்தேன். அக்காவின் வயலில் கதிர்கள் தலை மட்டும் வெளியே தெரிய நின்றன. வாய்க்கால் பக்கத்தில் கொஞ்சம் படுத்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த அக்கா அதைக் கையால் தூக்கி, நாலைந்து பயிரை ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டு நிறுத்தத் தொடங்கினார். ஒரு முடிச்சு நிற்கும், அடுத்தது சரியும். நானும் பின்னேரம்வரை முடிச்சுப் போட்டேன்.

ஞாயிறு நல்ல வெயில். ஊர்வலம் வடிவாகத்தான் புறப்பட்டது. உடன்படிக்கைப் பெட்டி பிளைவூட்டில் செய்து தங்க நிறப் பெயின்ற் அடித்தது. உள்ளே கற்பலகை இல்லை. ஸ்பீக்கரும் கார் பற்றரியும் இருந்தன. அதனால் கனம் உண்மையான பெட்டியை விடக் கூடவாக இருந்திருக்கலாம். நாலு பேர் சுமந்தோம். முன்வலது மூலை என்னுடையது. முன்னால் போதகர், வெள்ளைக் காற்சட்டை, மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் வெள்ளை உடுப்பில் பின்னால் வந்தார்கள். அக்காவும் அவர்களுக்குள் இருந்தார். வெளிநாட்டுச் சகோதரர் ஒருவர் பக்கத்தால் பின்நடையாக நடந்து படம் எடுத்துக்கொண்டே வந்தார். மதகின் மேலே அண்ணையும் மேல்வயல்காரர்களும் கைகட்டி நின்றார்கள்.

ஆற்றங்கரைக்கு வந்து நின்றோம். தண்ணீர் மண்ணிறமாக, வைக்கோலும் பிளாஸ்ரிக் போத்தலும் மிதக்க, நெஞ்சளவு நின்றது. போதகர் ஜெபித்தார். செங்கடலில் தொடங்கி ஆறு ஆறாக வந்தார். அர்னோனுக்கு வரும்போது என் தோள் மரத்துவிட்டது.

“பாஸ்டர், நீங்கள் முதல் காலை வையுங்கோ. அந்த இடத்தை நான் கிட்ட வைச்சு எடுக்கோணும்” என்றார் கமராச் சகோதரர்.

போதகர் தண்ணீரைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். கண் மூடியிருக்கிற பாவனையில் என் பக்கம் சரிந்தார்.

“பிரதர், இறங்கி ஒருக்கா ஆழம் பாருங்கோ.”

“புத்தகத்திலை ஆசாரியர்தானே முதல் கால் வைக்கினம் பாஸ்டர்.”

“அது எனக்குத் தெரியும். நீங்கள் பாருங்கோ.”

“பெட்டி என்ரை தோளிலை கிடக்கு.”

நாங்கள் இப்படிக் குசுகுசுத்துக்கொண்டு நிற்க, வெள்ளைச் சீலை ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அக்கா நேரே ஆற்றில் இறங்கினார். யாரோ “அல்லேலூயா!” என்று கத்தினார்கள். கூட்டம் கைதட்டியது. கமரா அந்தப் பக்கம் திரும்பியது. இடுப்பளவு தண்ணீரில் அக்காவும் திரும்பினார். அக்கரைப் பக்கம் அல்ல, மதகுப் பக்கம். மூட்டைச் சுவரைப் பிடித்து, மேல்வரிசையில் ஒன்றை இழுத்தார். அது வரவில்லை. இன்னொருமுறை இழுத்தார்.

“எடி விசரி! விடு! அது விட்டால் உன்னையும் கொண்டு போம்!” என்று மதகின் மேலிருந்து அண்ணை கத்தினார்.

“அப்ப வந்து பிடியுங்கோவன்!”

அண்ணை பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். “நாங்கள் உடைக்கேல்லை, கண்டியளோ? அவையின்ரை ஆள்தான் முதல் கை வைச்சது” என்று உரத்த குரலில் சாட்சி வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.

இரண்டு பேரும் நடு மூட்டையை இழுத்தார்கள். அதுதான் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. தாங்கள் கட்டிய ஒன்றைப் பிழையான இடத்தில் பிடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பெட்டியின் மற்ற முன்மூலையைச் சுமந்தவர் முதலில் கத்தினார்: “ஐயோ, அதில்லை அக்கா! கரைப் பக்கத்து மூலைப் பை! நான்தான் வைச்சனான், எனக்குத் தெரியும்!”

“தெரிஞ்சால் வந்து எடடா, கரையிலை நிண்டு பாடம் எடுக்காதை!” என்றார் அண்ணை.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நாலு பேரும் இறங்கினோம். பிறகு மற்ற ஆம்பிளைகளும் இறங்கினார்கள். மேல்வயல்காரர் அலவாங்கைக் கொண்டு வந்தார்கள். அப்பிய களியைக் குத்தி எடுக்க, மூலையால் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கரைக்கு எறிந்தோம். கட்டியதைவிடக் கழற்றக் கூட நேரம் எடுத்தது. மூன்றாம் வரிசை போனதும் தண்ணீர் மதகுக்குள் இரைந்துகொண்டு ஓடத் தொடங்கியது. அண்ணை தங்கச்சியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆம்பிளைகளில் கரையில் மிச்சம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற போதகர் மட்டும்தான். ஆறு மெதுவாக வற்றி, கீழே சேறும், ஒற்றைச் செருப்பும், சைக்கிள் றிம்மும் தெரிந்தபோதுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

“பாருங்கோ! ஒரு கால் பட்டது! யோர்தான் விலகினது!”

கமராச் சகோதரருக்குக் கண் கலங்கியது. பெட்டியை மறுபடி தூக்கினோம். போதகர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நடுவில் கால் புதைந்தபோது மேல்வயல்காரர் ஒருவர்தான் கைகொடுத்து இழுத்துவிட்டார். அப்படியே எல்லாரும் கடந்தோம். அக்கரையில் எங்களுக்கு அலுவல் ஒன்றும் இல்லாததால் கொஞ்ச நேரம் நின்று பாடிவிட்டு மறுபடி இக்கரைக்கு வந்தோம்.

ஞானஸ்நானத்துக்கு இப்போது தண்ணீர் இல்லை. கிட்ட இருந்தது அண்ணையின் தோட்டக் கிணற்றுத் தொட்டிதான். போதகர் போய்க் கேட்டார். அண்ணை தங்கச்சியைப் பார்த்தார். சேறும் வெள்ளைச் சீலையுமாக அவர் வேலியோரம் நின்றார். “மோட்டரைப் போடுறன். முடிஞ்சதும் தொட்டியைக் கழுவி விட்டிட்டுப் போங்கோ” என்றார் அண்ணை. அக்காவைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது அண்ணை மறுபக்கம் திரும்பி வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். தொட்டியைக் கழுவியது நான்.

அதற்குப் பிறகு நானும் அந்த ஆற்றுக் கதைகளை மறுபடி வாசித்துப் பார்த்தேன். எல்லா ஆற்றிலும் யாரோ ஒருவர் முதலில் நனைந்திருக்கிறார். புத்தகம் அதை மறைக்கவில்லை. பிரசங்கம்தான் அந்த இடத்தைக் கெதியாகத் தாண்டிவிடுகிறது. போதகரும் அதை விளங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு ஆறுகளை விட்டுவிட்டு மலைகளுக்குப் போனார்.

வயலில் தண்ணீர் வடிய இரண்டு நாள் சென்றது. மெசின் இறங்க முடியாத சேறு. அக்கா கையால் வெட்டினார், அண்ணை வந்து வெட்டினார், மூட்டை அடுக்கிய ஆட்களும் போய் வெட்டினோம். வாய்க்கால் பக்கத்து நெல் முளைத்துவிட்டது. அதை மாட்டுக்குப் போட்டார்கள். மற்றது தப்பியது.

வெட்டு நடந்துகொண்டிருந்த ஒருநாள் போதகர் வயலுக்கு வந்தார். இஸ்ரவேலர் யோர்தானுக்குள் இருந்து பன்னிரண்டு கல் எடுத்துவந்து நினைவாக நாட்டியதுபோல, பன்னிரண்டு மண்மூட்டையை ஆற்றங்கரையில் அடுக்கி ஒரு சின்னம் வைக்கவேண்டும் என்றார். வெளிநாட்டுச் சகோதரர்களும் அதை விரும்புகிறார்களாம்.

அக்கா நிமிரவில்லை. “பையள் எல்லாம் கொட்டிக் கழுவியாச்சு பாஸ்டர். வேலியிலை காயுது.”

“ஒரு பன்னிரண்டு மட்டும் சிஸ்டர்.”

“அப்ப நெல்லை எதுக்குள்ளை போடுறது?”

போதகர் வேலியைப் பார்த்தார். வரம்பில் கிடந்த கதிர்க்கட்டு ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு களத்துக்கு நடந்தார். அன்றைக்கு அவர் சப்பாத்துப் போட்டு வரவில்லை.

அந்தப் பைகளை எவ்வளவு கழுவியும் மூலைக்குள் மணல் இருந்தது. வெட்டுக்குப் பிறகு அண்ணையும் நானும் அடிக்கடி போய்ச் சாப்பிட்ட அக்கா வீட்டுச் சோற்றில் அந்த வருடம் முழுக்க மணல் கடிபட்டது. சாப்பிடும்போது அண்ணை ஒவ்வொருமுறையும் “யோர்தான் கடிக்குது” என்று சொல்லித் துப்புவார். நான் துப்பவில்லை. நல்ல சோறு.